மணி அடிக்கும் நாடும் என் தற்காலிக வேலையும்

நூலக அட்டெண்டர் வேலையில் ஒரு புத்தகத்தின் கனம் முதலில் தோளுக்குத்தான் தெரியும், அறிவுக்கு அப்புறம்தான். பாம்பன் பக்கத்து ஊர் ஒன்றில், சின்னக் கிளை நூலகத்தில் எனக்கு அந்த வேலை. பெண்கள் அங்கே வந்து உட்காரக் கூச்சப்பட்டார்கள். அதனால் எங்கள் நூலகர் சார் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். வாரத்தில் இரண்டு நாள் நான் ஓலைப்பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கொழும்புக்குப் போன வீட்டுக்காரர் கடிதம் போட மறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். வேலையோ தற்காலிகம். மேலாபீசிலிருந்து எந்தத் தபால் வந்தாலும் என்னை நிறுத்தத்தான் வந்திருக்கிறது என்று பயப்படுவேன். தற்காலிகத்தில் காலம் தள்ளியவர்களுக்கு இந்தப் பயத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்போதுதான் ‘மணி அடிக்கும் நாடு’ என்று ஒரு நாவல் வந்து சேர்ந்தது. அந்த நாட்டில் எழுந்திருக்க, சாப்பிட, சிரிக்க, தூங்க, எல்லாவற்றுக்கும் சர்க்கார் மணி. எல்லாருக்கும் சாம்பல் நிற உடுப்பு. மனசில் நினைத்ததைக்கூட வாரம் ஒருமுறை ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். காலை மணி அடிக்கிறவன் ஒருநாள் வேண்டுமென்றே அடிக்காமல் விட்டுவிடுகிறான். பொழுது விடிந்து வெயில் ஏறியும் ஊரே கண்ணை விழித்துக்கொண்டு, மணிக்காகப் படுத்தே கிடக்கிறது. அந்த ஓர் இடத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு நாலு நாள் ஆயிற்று. ஒரு மனுஷருக்கு இப்படியும் யோசனை ஓடுமா என்று எழுதியவரை நினைத்து மலைத்தேன். அதைப் படித்தவர்கள் சொன்னதைக் கேட்டு இன்னும் மலைத்தேன்.

ஸ்டேஷன் மணி

முதலில் எடுத்தவர் முத்திருளாண்டி அண்ணன். ரயில்வே ஸ்டேஷனில் மணி அடிக்கிற வேலை அவருக்கு. தலைப்பில் மணி இருந்ததால் தன் தொழிலைப் பற்றிய புத்தகம் என்று நம்பி வாங்கிப்போனார். பத்து நாளாக ஆளைக் காணோம். புத்தகம் உப்புக்காற்றில் நைந்துவிட்டதோ, பொட்டலம் மடிக்கப் போய்விட்டதோ என்று நான் பதறிக்கொண்டு ஸ்டேஷனுக்கே போனேன். பெஞ்சில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மணியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“என்னண்ணே, படிச்சாச்சா?” என்றேன். புத்தகத்தைத் துண்டால் துடைத்து என் கையில் கொடுத்தார். “தங்கச்சி, இருவது வருசமா அடிக்கேன். ஒருநா அடிக்காமப் போனா என்ன ஆகும்னு ஒருக்காலும் நெனச்சதில்ல. இப்ப கயித்தத் தொட்டாலே அந்த நெனப்புத்தான் வருது. இத மொதல்ல எடுத்துட்டுப் போயிரு.”

வெள்ளைத் துப்பட்டி

ஆமினாம்மா வீட்டில் ஒரு புத்தகம் கொடுத்தால் ஏழு பேர் படித்த கணக்கு. மருமகள் சத்தமாக வாசிப்பாள். மற்றவர்கள் அரிசி புடைத்துக்கொண்டும் பூத்தொடுத்துக்கொண்டும் கேட்பார்கள். சாம்பல் உடுப்பு வரும் இடத்தில் வாசிப்பு நின்றது. மருமகள் சிரித்துக்கொண்டே, “மாமி, நம்மளும் தெருவுல எறங்குனா எல்லாரும் ஒரே வெள்ளைத் துப்பட்டிதான?” என்று கேட்டுவிட்டாள். எனக்குத் திக்கென்றது. இந்த வீட்டுக் கதவு இனி எனக்குத் திறக்காது, அதுவும் ஒரு புகாராக மேலாபீசுக்குப் போகும் என்று அதற்குள் நான் கடைசிவரை கணக்குப் போட்டுவிட்டேன்.

ஆமினாம்மா கோபப்படவில்லை. சுளகைக் கீழே வைத்தார். “துப்பட்டிக்குள்ள நான் என்ன நெனைக்கிறேன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல புள்ள. அது எனக்கும் அல்லாவுக்கும் உள்ளது. அந்த நாட்டுல அதையும்ல எழுதிக் குடுங்கிறான்! நீ மேல வாசி.”

மரியம்மையின் சந்தேகம்

மீன் விற்கும் மரியம்மைக்குப் படிக்கத் தெரியாது. அவள் கூடையும் என் பெட்டியும் ஒரே தெருவில் போகிறவை என்பதால், நடந்துகொண்டே அவளுக்குக் கதை சொல்வேன். ஊரே விழித்தபடி படுத்துக் கிடந்த இடத்தை, எனக்கே மயிர்க்கூச்செறிய, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவள் கூடையை இறக்கிவிட்டு இடுப்பில் கைவைத்தாள். “ஏன்டி பாக்கியம், அம்புட்டுப் பேருல ஒருத்திக்குக்கூடவா ஒண்ணுக்கு முட்டல? எழுதுனது ஆம்பளதான?”

இதை நூலகர் சாரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவே இல்லை. எத்தனை பெரிய சர்க்காரும் தோற்கிற இடத்தை அந்த அம்மாள் காட்டிவிட்டாள் என்றார்.

ஒரே ஃபைலில் இரண்டு காகிதம்

நான் பயந்த தபால் ஒருநாள் வந்தேவிட்டது. யாரோ மேலாபீசுக்கு மொட்டைக் கடுதாசி போட்டிருந்தார்கள்: சுதந்திரம் வாங்கிப் பத்து வருஷமான தேசத்தில், சர்க்காரைக் கேலி செய்யும் நாவலை நூலகமே வீடு வீடாகக் கொண்டுபோய்ப் பரப்புகிறது என்று. பரப்பியது என் தோள். புத்தகத்தை நீக்க வேண்டுமானால், வாசகர்களுக்கு அது பிடிக்கவில்லை என்று நூலகத்தார் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதையும் மேலாபீசிலேயே டைப் அடித்து, சாருக்கு ஒன்றும் எனக்கு ஒன்றுமாக அனுப்பியிருந்தார்கள். அதே ஃபைலில் அடுத்த தாள், என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு. அதிகாரி நேரில் வந்து இரண்டையும் முடித்துவைப்பாராம்.

நூலகர் சாருக்கு வயது முப்பதுகூட இருக்காது. சத்தமாகத் தும்மக்கூட யோசிக்கிறவர். தன் தாளை இரண்டாக மடித்து மேஜை டிராயருக்குள் போட்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “நான் போடலம்மா. ஆனா நான் ஒண்டிக்கட்டை. ஒருத்தர் கையெழுத்து இருந்தாலே அவுகளுக்குப் போதும். நீங்க போட்டா நான் உங்கள ஒரு நாளும் தப்பா நெனைக்க மாட்டேன்.”

கையெழுத்துப் போடும் இடம்

அதிகாரி நல்ல மாதிரி மனுஷர். மோர் வாங்கிக் குடித்தார், பிள்ளைகளை விசாரித்தார். தாளை என் முன்னால் தள்ளி, புள்ளி வைத்த கோட்டைக் காட்டினார். போட்டுவிடலாம் என்றுதான் நான் பேனாவை எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மூத்தவளின் கல்யாணம்தான் கண்ணுக்குள் நின்றது. ஆனால் எந்தக் காகிதமானாலும் எழுத்துக்கூட்டி முடிக்காமல் கீழே வைக்க வராது எனக்கு. ‘வாசகர்கள் அனைவரும் இந்நூலை வெறுக்கின்றனர்’ என்று இருந்தது.

“பேரு போட்டாப் போதும்மா. படிக்கச் சொல்லல” என்றார்.

“படிச்சிட்டேன்யா” என்றேன். “அனைவரும்னு போட்டிருக்கு. நாந்தான வீடு வீடாக் கொண்டு போனேன். ஒருத்தர் பயந்தாரு. ஒரு அம்மா மேல வாசிக்கச் சொன்னாக. ஒருத்தி கதையவே மடக்குனா. வெறுத்தவுகளக் காணலியே. பொய்யின்னு தெரிஞ்சு எப்படிய்யா போடுறது?”

“பொய்யி மெய்யி எல்லாம் எதுக்கும்மா? அதுக்குப் பின்னால இருக்கிற தாளு உனக்கு வேணுமா வேணாமா?”

வேண்டும் என்றேன். வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பேனாவை மூடி அவர் பக்கம் வைத்தேன். இப்போதும் அந்த இடத்தை நினைத்தால் காது சுடுகிறது. அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் என் உத்தரவை ஃபைலிலிருந்து உருவி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற நூலகர் சார் அந்த நாவலை எடுத்து நீட்டி, ஆட்சேபமான பக்கம் எது என்று காட்டச் சொன்னார். அதிகாரி அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: “நான் படிக்கலம்மா. எனக்கு மேல இருக்கிறவரும் படிக்கல. அவருக்கு மேல உள்ளவரு படிச்சாரான்னு கேக்க எங்க ரெண்டு பேருக்குமே தைரியம் இல்ல.”

கையெழுத்து இல்லாத தாளோடு அவர் கிளம்பிப் போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்த நாவல் எங்கள் நூலகத்தில் நிரந்தரம், வருஷம் ஒரு தடவை கிழிந்துபோகும் அதன் அட்டையை மாற்றுகிற நான் மட்டும் இன்னும் தற்காலிகம்.