ஏழாம் நம்பர் கடையின் சுடுதண்ணீர்

"கொதிக்கிற தண்ணிய உன் புள்ளத் தலையில ஊத்துவியா நீ? அதச் சொல்லிட்டு அப்புறம் சம்மன் எழுது."

நகராண்மைக் கழகத்து அமலாக்க அதிகாரி சசிதரன் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். முப்பது வயதுகூட ஆகாத பையன். அவன் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. இட்லிக் கடை இராசாத்திக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பாள். ஆள் பார்த்து அடங்குகிற வாய் இல்லை அது.

"என் புள்ளைய ஏன் ஆண்ட்டி இழுக்கிறீங்க? கடைக்குப் பின்னாடி சிங்க் கட்டிக் குடுத்திருக்கு. அதுல ஊத்துங்கன்னுதானே சொல்றேன். ரோட்டு லோங்காங்ல ஊத்தக் கூடாது லா."

"அந்த சிங்க்கு என் கண்ணுக்குத் தெரியாமலா இட்லிப் பானையத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடறேன்?"

பக்கத்துக் கடையில் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்த ஜெரார்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டான். சசிதரன் சிரிக்கவில்லை. இது இரண்டாவது சம்மன் என்றான். அடுத்தது ஒன்று எழுதினால் லைசென்ஸ் போய்விடும், கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், தன் கையில் ஒன்றும் இல்லை என்றான். அபராதப் புத்தகத்திலிருந்து காகிதத்தைக் கிழித்து மேசைமேல் வைத்து, காற்றில் பறக்காதபடி சம்பல் கிண்ணத்தை அதன்மேல் தூக்கி வைத்துவிட்டுப் போனான். மரியாதை தெரிந்த பையன்தான்.

செமிலிங் போகிற சாலையோரம் அந்தப் புதிய உணவுக் கடைத்தொகுதி இருக்கிறது. பச்சைத் தகரக் கூரை, வரிசையாகக் கடைகள். ஏழாம் நம்பர் இராசாத்தியுடையது. அதற்கு முன்னால் இருபது வருடத்துக்கு மேலாக அதே சாலையோரத்தில் ஒரு மரத்தடியில் கித்தான் கட்டி இட்லியும் இடியாப்பமும் விற்றவள். அதற்கும் முன்னால் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினாள். தோட்டத்தை விற்று ஆட்களை வெளியேற்றியபோது, அவள் புருஷன் கிடைத்த காசைக் குடித்தான். பிறகு ஈரல் போய்ச் செத்தான். அழுதாயா என்று யாராவது கேட்டால், இட்லி மாவு புளித்துக்கொண்டிருந்தது, அதற்கு நேரமில்லை என்பாள். அதில் பொய் இல்லை.

சாலையை அகலப்படுத்தப் போகிறோம், ஓரக் கடைகள் எல்லாம் எழும்பிப் போக வேண்டும் என்று நகராண்மைக் கழகம் சொன்னபோது அவள் பெரிதாகச் சண்டை போடவில்லை. வெயிலும் மழையும் அவளுக்கும் அலுத்திருந்தன. புதிய கடைகளை எங்கே கட்டப் போகிறார்கள் என்று கேட்ட பிறகுதான் சண்டை. தோட்டத்து நிலத்தில் வீடு கட்ட அனுமதி கேட்ட கம்பெனி, பொதுக் காரியத்துக்கு ஒரு துண்டு நிலம் விட வேண்டும் என்பது சட்டம். கம்பெனி தள்ளிவிட்டது பழைய தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்த சரிவை. அங்கே வீடு கட்டினால் ஒருத்தனும் வாங்க மாட்டான் என்று கம்பெனிக்குத் தெரியும். கழகத்துக்கோ நிலம் சும்மா வந்தது, கட்ட மாநிலத்துப் பணமும் வந்தது.

மண்டபத்தில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். கழக உறுப்பினர் புவனேசன் மைக்கைப் பிடித்துக்கொண்டு விளக்கு, கழிவறை, கார் நிறுத்துமிடம் என்று சொல்லிக்கொண்டே போனார். இராசாத்தி எழுந்து, அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பிள்ளைகளைப் புதைத்திருக்கிறது, அதற்கு என்ன வழி என்று கேட்டாள். புவனேசன் பக்கத்திலிருந்த அதிகாரியிடம் குனிந்து கேட்டுவிட்டு, வரைபடத்தில் அது ஆஸ்பத்திரி நிலம்தான், சுடுகாடு என்று எங்கேயும் போட்டில்லை என்றார். அதற்கு அவள், செத்தவர்கள் வரைபடத்தைப் பார்த்தா போய்ப் படுத்தார்கள் என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததோடு அந்தப் பேச்சும் முடிந்தது.

அவளுடைய முதல் பிள்ளை அங்கேதான் இருந்தது. பெண் பிள்ளை. பிறந்து ஒரு பகல் இருந்தது. தொண்டையில் கொழகொழவென்று சத்தம் வந்தது. மருந்து கொடுக்கிற தோட்டத்து டிரசர் வந்து பார்த்தார், கையை விரித்தார். சாயங்காலம் சத்தம் நின்றது. பல் முளைக்காத பிள்ளையைச் சுடுகாடு வரைக்கும் கொண்டுபோக மாட்டார்கள். ஆஸ்பத்திரித் தோட்டவேலைக்காரர் பக்கிரிசாமி துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். புருஷன் கூடப் போனான். பெண்கள் போகிற வழக்கம் இல்லை. அவள் கட்டிலில் பால் கட்டி, காய்ச்சலோடு கிடந்தாள். எங்கே வைத்தீர்கள் என்று பிறகு கேட்டதற்குப் புருஷன் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. பக்கிரிசாமிதான் பல வருடம் கழித்துச் சொன்னார்: ஜம்பு மரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில்.

கடை யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கினார்கள். அவளுக்கு ஏழு விழுந்தது. சாவி வாங்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஜம்பு மரத்தை வெட்டாமல் விட்டிருந்தார்கள். அழகுக்காகச் சுற்றிக் கல் கட்டி வெள்ளையடித்திருந்தார்கள். இந்தப் பக்கம், பழைய தொட்டியின் சிமெண்டு மேடையில் ஒரு மூலை தரையோடு தரையாகத் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் அவள் கடையின் சிங்க் இருந்தது. சிங்கின் குழாய் மண்ணுக்குள் இறங்கியது.

கடையை மாற்றித் தரச் சொல்லி அலைந்தாள். மாற்ற முடியாது என்றார்கள். வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். சாலையோரத்தில் அவளுடைய மரமும் இல்லை. போக வேறு இடமும் இல்லை.

முதல் நாள் இட்லி இறக்கிய பானையை, வேலை அவசரத்தில் மறந்துபோய் அந்த சிங்கில் கவிழ்த்துவிட்டாள். ஆவி முகத்தில் அடித்தது. குழாய் தண்ணீரை விழுங்கி, உள்ளே எங்கேயோ கொழகொழவென்றது. இராசாத்தி பானையைக் கீழே போட்டாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். நாற்பத்து நாலு வருடம் ஆனாலும் தெரியும்.

அன்றிலிருந்து சுடுதண்ணீர் எல்லாம் சாலையோர லோங்காங் கால்வாய்க்குப் போனது. இட்லிப் பானை, இடியாப்பப் பானை, எண்ணெய்ச் சட்டி அலசிய தண்ணீர் எல்லாம். மரத்தடியில் கடை போட்ட காலத்திலும் அவள் அங்கேதான் ஊற்றினாள், கால் தானாகவே அந்தப் பக்கம் போனது. ஒரு பானை ஆறுகிற வரைக்கும் காத்திருக்க முடியாது. இட்லி இறங்கினால் அடுத்து இடியாப்பம் ஏற வேண்டும், ஃபாக்டரி ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் பசியோடு நிற்பார்கள். வேகாத வெயிலில் கொதிக்கும் பானையைத் துணி போட்டுத் தூக்கிக்கொண்டு கார்களுக்கு நடுவில் ஓடுகிற கிழவியைப் பார்த்து எல்லாரும் விலகினார்கள்.

அந்த இடம் மற்றவர்களையும் சும்மா விடவில்லை. ஆறாம் நம்பரில் நாசி லெமாக் விற்கும் மலாய்க்காரப் பெண் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இருக்க மாட்டாள். சிமெண்டுத் தரையில் சக்கரக் கட்டில் உருளுகிற சத்தம் கேட்கிறது என்பாள். ஜெரார்ட் மாதா கோயிலில் வாங்கிய குருத்தோலைச் சிலுவையைக் கல்லாப் பெட்டிக்கு மேல் சொருகி வைத்திருந்தான்.

"உங்க வாய்க்குப் பயந்துதான்க்கா அதுங்க மூணு மணிக்கு மேல வருதுங்க" என்றான் ஒரு நாள்.

"வரட்டும். வந்தா கூலி குடுக்காம பாத்திரம் கழுவ விடுவேன்" என்றாள்.

வாய்தான் அப்படி. கடையை அடைத்த பிறகும் அவள் பின்கதவருகே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். சிங்கில் யாரும் தண்ணீர் விட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் குழாய்க்குள் அது தொண்டையைச் செருமும். இவள் பேச மாட்டாள். காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

இரண்டாவது சம்மனுக்குப் பிறகு ஒரு வாரம் போல இருக்கும். சசிதரன் சீருடை இல்லாமல் வந்தான். ஜெரார்டிடம் தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு ஏழாம் நம்பர் முன்னால் உட்கார்ந்தான். அன்று ஆண்ட்டி கேட்ட கேள்வி அவனைத் தூங்க விடவில்லையாம். வீட்டில் மனைவி குழந்தையைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அது ஞாபகத்துக்கு வருகிறதாம். ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்றான். அவள் சொல்ல மாட்டாள் என்று தெரிந்து ஜெரார்ட்தான் சொன்னான். சசிதரன் தேத்தண்ணீரை முடிக்காமலே எழுந்து போனான்.

இரண்டு நாள் கழித்து முகம் மலர்ந்து வந்தான்.

"ஆண்ட்டி, இங்க மண் வேலை பாத்த கங்காணிகிட்டயே நேர்ல கேட்டுட்டு வந்தேன். இங்க பழைய மண்ணே கிடையாது. சரிவு இல்லையா, மட்டம் பண்ண ஒரு ஆள் ஆழத்துக்கு வெட்டி அள்ளிட்டாங்க. மரத்தடியும் அந்தத் தொட்டி மேடையும் மட்டும்தான் விட்டது. இப்ப இருக்கிறது வெளியில இருந்து கொண்டாந்த செம்மண்ணு. நீங்க தாராளமா இங்க ஊத்தலாம். உங்க புள்ள இங்க இல்ல."

இராசாத்தி இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். உரலைத் திருகுகிற கை நிற்கவில்லை.

"அள்ளுன மண்ண எங்க கொட்டுனாங்க?"

"தூரமெல்லாம் போகல. ரோடு அகலப்படுத்துனாங்களே, அந்த ஓரத்துக்குத்தான். முன்னாடி லோங்காங் கரை பூரா அந்த மண்ணு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, இந்த முறை வெறுங்கையோடு சாலையைக் கடந்தாள். கால்வாய்க் கரை நெடுக லாலாங் புல் முழங்கால் உயரம் வளர்ந்து கிடந்தது. அவள் தினமும் நின்று ஊற்றுகிற இடத்தில் மட்டும் புல் இல்லை. ஒரு பாய் அகலத்துக்கு வெந்து, மண் கறுத்து, வேர்கூட வெளுத்திருந்தது. அவள் குனிந்து அந்த மண்ணைத் தொட்டாள். காலையில் ஊற்றிய பானையின் சூடு இன்னும் அதில் இருந்தது.

அன்று அவள் கடைக்குத் திரும்பவில்லை. மறுநாளும் திறக்கவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. காரணம் சொல்லாமல் பூட்டிக் கிடக்கிற கடையையும் கழகம் எடுத்துக்கொள்ளும். சசிதரன் ஜெரார்டிடம் சொல்லி அனுப்பினான். ஜெரார்ட் மோட்டார் சைக்கிளில் அவள் வீட்டுக்கு வந்தான். கதவு திறந்துதான் இருந்தது. அவள் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலை வாரவில்லை. அவளை அந்தக் கோலத்தில் அவன் பார்த்ததே இல்லை.

கடை போய்விடும் என்றான். போகட்டும் என்றாள். அங்கே கொஞ்சம் மண்ணை விட்டிருப்பார்கள், இங்கே கொஞ்சத்தைக் கொட்டியிருப்பார்கள், லாரி போகிற வழியெல்லாம் சிந்தியிருக்கும், இனி எந்த மண்ணை நம்பி ஊற்றுவது என்று கேட்டாள். அவன் மோட்டார் சைக்கிள் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"எங்க ஃபாதர வரச் சொல்லி, ரெண்டு எடத்துலயும் மந்திரிக்கச் சொல்லட்டுமாக்கா?"

"உங்க ஃபாதர் வந்து தண்ணிய ஆற வெப்பாரா?"

வழக்கமான குத்தல்தான். ஆனால் சொன்ன பிறகு அது அவளுக்கே உறைத்தது. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டாள்.

இப்போது ஏழாம் நம்பர் கடையில் கழகத்துக்கு ஒரு குறையும் இல்லை. சசிதரன் ரோந்து வரும்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான். பானை இறங்க இறங்க, சுடுதண்ணீரை எல்லாம் பின்கதவுப் பக்கம் இருக்கிற பெரிய அலுமினிய அண்டாவில் ஊற்றி மூடி வைக்கிறாள். மூன்று மணிக்கு எல்லாரும் போன பிறகு முக்காலியில் உட்கார்கிறாள். மூடியைத் திறந்து முழங்கையை விட்டுப் பார்க்கிறாள். விரலை விட மாட்டாள். விரலுக்குச் சூடு மரத்துப்போயிருக்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். சூடாக இருந்தால் மூடிவிட்டு இன்னும் காத்திருக்கிறாள். பிள்ளை மேல் ஊற்றுகிற பதம் வந்ததும் செம்பு செம்பாக மொண்டு, அவசரம் இல்லாமல், சிங்கில் விடுகிறாள். உள்ளே குழாய் கொழகொழவென்கிறது. அது அடங்குகிற வரைக்கும் அடுத்த செம்பை ஊற்றுவதில்லை.

அந்த அண்டாவை அவளும் ஜெரார்டும் பீடோங் போய் வாங்கி வந்தார்கள். கத்தரிக்காய்க்குக்கூடப் பேரம் பேசுகிறவள் அன்று பாத்திரக் கடைச் சீனத் தவுக்கே சொன்ன விலைக்குத் தலையாட்டினாள். மூடியோடு நூற்று முப்பத்தெட்டு வெள்ளி.