வாசலை வெட்டிய கம்ப்யூட்டர்

நான் ரப்பர் நாட்டுக்காரி. அருமனைப் பக்கத்திலிருந்து கடற்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது கம்ப்யூட்டர் படித்த சர்ட்டிபிகேட் ஒன்றும் கொஞ்சம் திமிரும் கூடவே வந்தன. கணவர் கல்ஃபில் இருந்தார். அவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய கம்ப்யூட்டரை முன்னறையில் வைத்து, கல்யாணக் கார்டும் இறப்புச் செய்தி நோட்டீஸும் அடித்துக் கொடுப்பேன். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். மாமி அந்தப் பெட்டியை மதித்ததே இல்லை. கரண்ட் போய் யு.பி.எஸ். கத்தினால், "உனக்க ஆடு விளிக்குது, போய்ப் பாரு" என்பார்.

நான் வந்தது சுனாமிக்கு அடுத்த வருடம். ஊருக்கு வீடு கட்டித் தந்தார்கள், வள்ளம் தந்தார்கள். போட்டோக்களை மட்டும் யாராலும் திருப்பித் தர முடியவில்லை. மாமியிடம் அவருடைய அம்மாவின் படம் ஒன்றே ஒன்று இருந்தது. அது மாட்டியிருந்த சுவரோடு போயிற்று. அம்மா இறந்தபோது மாமி சின்னப் பிள்ளை.

"மொகம் மறந்து போவுது மக்களே," என்று ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டே சொன்னார். "முன்ன கண்ண மூடினா வருவா. இப்போ உடுத்த முண்டு வருது, கை வருது. மொகம் மட்டும் வரல்ல."

அவர் வெட்டிய சாளை மீனை அள்ளிக்கொண்டு கழுவப் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியாருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. மாமியின் சின்ன வயதில் எங்கள் பங்கில் இருந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் எடுத்த ஸ்லைடுகள், சின்னச் சட்டத்துக்குள் ஒட்டிய ஃபிலிம் படங்கள். அவர் இறந்தபின் உறவினர்கள் அனுப்பியிருந்தார்கள். சாமியார் அவற்றை நாகர்கோவிலில் ஸ்கேன் செய்து சி.டி.யாகக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். ஸ்லைடுகளின் சட்டமும் சேர்ந்து ஸ்கேன் ஆனதால் ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் கன்னங்கரேலென்று ஒரு கரை.

"இந்தக் கறுப்பை எல்லாம் வெட்டித் தாருங்க," என்றார். "திருவிழாவுக்குப் பிரிண்ட் போட்டு வைப்போம். படத்தையெல்லாம் கடலுக்குக் குடுத்தவங்க வந்து பாக்கட்டும்."

ஒவ்வொன்றாக வெட்ட உட்கார்ந்தால் திருவிழாவே முடிந்துவிடும். கறுப்பு எதுவரை இருக்கிறது என்று தானே பார்த்து வெட்டும் வசதி புரோகிராமில் உண்டு. மணலில் கரைவலை இழுக்கும் படமொன்றில் சோதித்தேன், சுத்தமாக வெட்டியது. மொத்த ஃபோல்டரையும் அதன் தலையில் கட்டிவிட்டு சோறு வடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எனக்கே என்னை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மாமியைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒவ்வொரு படமாகக் காட்டினேன். ஆண்கள், பிள்ளைகள், கட்டுமரம், மறுபடியும் ஆண்கள். ஓலை வீடு ஒன்று வந்ததும் "நில்லு" என்றார். வீட்டின் முன்னால் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். ஓரத்தில் ஒரு சிறுமி. எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவள் மட்டும் பக்கவாட்டில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்க அப்பனுக்க வீடு. அந்தப் பிள்ள நான்," என்றார் மாமி. "வாசல் எங்க?"

"எந்த வாசல்?"

"வலது பக்கம் வாசல் உண்டு. அம்ம அங்கதான் நின்னா. மாமனாரும் கொழுந்தன்மாரும் நிக்கும்போ பொம்பளையளு முன்ன வந்து படத்துக்கு நிப்பாளுவளா? வாசலுக்கு உள்ள நின்னுதான் பாப்பாளுவ."

எனக்கு எரிச்சல் வந்தது. "படத்துல இல்லாததை நான் எங்க போய்க் கொண்டு வர மாமி?"

"அப்போ நாங்க கூரையப் பிரிச்சா வீட்டுக்குள்ள எறங்கினோம்?"

சி.டி.யைப் போட்டு வெட்டாத படத்தைத் திறந்தேன். மற்ற மூன்று பக்கமும் மெல்லிய கறுப்புக் கரை. வலப்பக்கம் மட்டும் ரொம்ப அகலம். வாசலின் இருட்டும் சட்டத்தின் இருட்டும் ஒட்டிக் கிடந்தன. கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான், சேர்த்து வெட்டிப்போட்டிருக்கிறது.

படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றினேன். முதலில் வெள்ளை முண்டு தெரிந்தது. பிறகு கதவு நிலையைப் பிடித்திருந்த கை. அப்புறம் முகம். புள்ளி புள்ளியாகத்தான் இருந்தது, ஆனாலும் முகம்தான். என்னைவிட இளைய பெண் ஒருத்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். சிறுமி பார்த்துக்கொண்டிருந்தது அவளைத்தான்.

மாமி நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"இத்தன சின்னப் பொண்ணாவா இருந்தா?" என்றார். "நான் இத்தன நாளும் ஒரு கெழவியயில்லா தேடினேன்."

சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். அந்த வீட்டுக்கு வந்தபிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மறுநாளிலிருந்து எல்லாப் படங்களையும் கையாலேயே வெட்டினேன். கறுப்பு அகலமாக இருந்த பக்கமெல்லாம் பெண்கள் நின்றார்கள், வாசலுக்குள்ளும் ஓலைத்தட்டி மறைவிலும். திருவிழாவன்று படங்களின் முன்னால் கூட்டம் நெரிந்தது. "ஏட்டி, இது நம்ம சித்தியில்லா" என்று ஒருத்தியை ஒருத்தி இழுத்துக் காட்டினார்கள். மாமி கம்ப்யூட்டரைத் தானே கண்டுபிடித்த மாதிரி ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த லீவுக்குக் கணவர் டிஜிட்டல் கேமராவோடு வந்தார். கேமராவைக் கண்டால் மாமி அடுக்களைக்குள் போய்விடுவார். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட எங்கு தேடினாலும் அவருடைய பாதி முகம்தான் கிடைக்கும். இந்த முறை பிளாஸ்டிக் நாற்காலியை முற்றத்து வெயிலுக்கு இழுத்துப்போட்டு நடுவில் உட்கார்ந்தார். கதவோரம் நின்றிருந்த என்னையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார்.

"நல்ல வெளிச்சத்துல எடுலே," என்றார் மகனிடம். "நான் போன பொறவு ஒருத்தியும் தேடி அலையண்டாம்."