அறுந்த நூலின் நுனி

தம்பி ஜெயித்தவை இவை: பதினாறு வருஷக் குடி. உதறுகிற கையை வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது. தெருவே சேர்ந்து வைத்த ‘கோணல்’ என்ற பட்டப்பெயர். நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றது. கடைசியாக, அக்காவின் வயிற்றெரிச்சல். அதுதான் ரொம்ப நாள் பிடித்தது.

இருவருக்கும் ஒரே தையல் கடை, முதுகுக்கு முதுகு இரண்டு மிஷின். அவன் விழுந்து கிடந்த நாட்களில் அவன் பங்கையும் சேர்த்து மிதித்தவள் அக்கா. அவர்கள் போகும் கிறிஸ்தவ சபையில் மேஜை விரிப்பைத் துவைத்துத் தேய்த்து விரிப்பதும் அவள்தான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மடிப்புப் பிசகியதில்லை. ஒருவரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொண்டதும் இல்லை.

குடியை விட்ட பதினோராவது மாதம் தம்பி ஞானஸ்நானம் கேட்டான். போதகர் அவனைச் சபை முன் நிறுத்தி, “இவர் புது மனுஷன்” என்றார். ஒரே கைதட்டல்.

“நானும் நாலு வருஷம் குடிச்சுத் தொலைச்சிருக்கலாம்” என்று பக்கத்திலிருந்தவள் காதில் முணுமுணுத்தாள் அக்கா.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானம் கேட்பவரின் பழைய நாட்களை வீட்டுக்குள் இருந்து பார்த்தவர், ‘இவர் மாறிவிட்டார்’ என்று பதிவேட்டில் முதலில் கையெழுத்துப் போடவேண்டும். தம்பிக்கு அக்காவை விட்டால் வேறு யார்?

“ஆறு மாசம் போகட்டும்” என்றாள்.

“சரிக்கா.”

அவன் கத்தியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் அவன் ஒரு வாத்தியாரின் சட்டைக்கு நைந்த காலரைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பித் தைத்து வைத்தான். அவன் தண்ணீர் குடிக்கப் போனதும் அக்கா டேப்பை எடுத்தாள். இரண்டு முனையும் ஒரே அளவு. தையலில் ஒரு பிசிறு இல்லை. அதுவே அவளைச் சுட்டது. பிளேடை எடுத்து இரண்டு தையலை நறுக்கினாள்.

“இங்க பாரு. தையல் விட்டிருக்கு. கோணல் கோணல்தான்!”

அவன் சட்டையை வெளிச்சத்தில் பிடித்தான். தானாக விட்ட நூல் நுனியில் பஞ்சாய்ப் பிரிந்திருக்கும். அறுத்த நூல் மொட்டையாய் நிற்கும். தையற்காரன் கண்ணுக்கு அது தப்பாது. பழைய தம்பியாயிருந்தால் கத்திரிக்கோல் பறந்திருக்கும்.

“விட்டிருக்குக்கா. போட்டுர்றேன்” என்று மிஷினில் உட்கார்ந்தான்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பதிவேட்டை மூடப்போன போதகரை அக்கா தடுத்தாள்.

“ஐயா, இவன் மாறிட்டான். மாறாதவ நான்தான். இவன் தைச்சதை நானே அறுத்துட்டு இவன் மேல பழியைப் போட்டேன்.”

“எனக்குத் தெரியும்க்கா” என்றான் தம்பி.

“தெரிஞ்சுமா சும்மா இருந்தே?”

“நான் அறுத்ததையெல்லாம் நீ எத்தனை வருஷம் தைச்சே?”

போதகர் பேனாவை நீட்டினார்.

“இப்படிப்பட்ட நான் சாட்சி சொல்லலாமா, ஐயா?”

“இன்னைக்குத்தாம்மா சொல்லலாம். புது மனுஷனாகிறது அவருக்கு மட்டும்னு யார் சொன்னது?”

அக்கா கையெழுத்திட்டாள். அதற்குக் கீழே, அதுவரை கட்டைவிரலை மட்டுமே உருட்டிய தம்பி, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தன் பெயரைப் போட்டான். அவளுடையதைவிட அழகாக இருந்தது. அதிலும் அக்காவுக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

பதிவேட்டில் தேதி: 2014 ஆகஸ்ட் 17.