மேலேயிருந்து பார்த்தால் என் மிளகுத் தோட்டம் காடாம்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் போனில் தட்டுகிறாள்.

இன்று காலை ரத்தோட்டையில் எங்கள் மிளகுத் தோட்டத்துக்கு மடிக்கணினியோடு ஒரு அதிகாரி வந்தார். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஒவ்வொரு நிலத்துக்கும் பெயர் வைக்கிறார்களாம். எல்லா அரசாங்கக் கந்தோருக்கும் இனி ஒரே சொற்பட்டியலாம்.

"ஐயா, உங்க இடம் காடுன்னு பதிவாகியிருக்கு. காட்டுல குடியிருக்க ஏலாது. இடத்தை விட்டு எழும்ப வேண்டி வரும்."

"தொரை, அது மிளகுக்கொடி ஏறின மரம். எண்பத்திமூணு கலவரத்துக்கு அடுத்த வருஷம் நான் நட்டது. நீங்களே கடிச்சுப் பாருங்க."

ஒரு பச்சை மணியைக் கடித்தார். கண் கலங்கிவிட்டது.

"மிளகுதாங்க. ஆனா பட்டியல்ல தேயிலை, வயல், காடுதான் இருக்கு. மரத்துல ஏறுற பயிருக்குச் சொல் இல்லை."

"அப்ப ஒரு சொல்லைச் சேருங்களேன்."

"அதுக்கு எல்லாக் கந்தோரும் ஒத்துக்கணுமே, ஐயா."

பிழையை மட்டும் எல்லாக் கந்தோரும் உடனே ஒத்துக்கொண்டுவிட்டன!

புறப்படும்போது வீட்டுக்கென்று ஒரு பை மிளகு கேட்டார்.

"ஐயோ தொரை, காட்டுல பறிச்சா உங்க மேல கேசு வந்துருமே!" என்றேன்.

வெறுங்கையோடு போனார். நான் சொன்னதில் பிழை இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.