போத்தல் பால் குடித்த மகன்

கிளினிக்கில் ஒரு தாய் திடீரென்று கதிரையை விட்டு எழுந்து, அத்தனை பேர் முன்னாலும், "அப்ப என் மவனுக்கு இந்த வருத்தத்தக் குடுத்தது நானா?" என்று கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

நான் ஒன்றும் செய்யவில்லை. கையிலிருந்த நம்பர் துண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டது என்னைத்தான்.

மழை தொடங்குவதற்கு முன்பு நடந்தது இது. எழுத வேண்டாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். அதற்குப் பிறகு வேறு எதையும் எழுத வரவில்லை.

எனக்குச் சீனி வருத்தம் இருப்பது இந்தப் பக்கத்தை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். தெபு இலைச் சம்பலில் தொடங்கி வெந்தயத் தண்ணீர் வரை நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். சீனியும் இறங்கவில்லை, வாய்க் கசப்பும் போகவில்லை. ஆகவே மாதம் ஒரு தடவை கண்டிக்கு பஸ் ஏறி, கிளினிக்கில் வரிசையில் உட்காருகிறேன்.

அன்றைக்குப் பக்கத்துக் கதிரையில் பார்வதியக்கா. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். அவருடைய ஒரே மகன் சிவகுமார் என்னிடம் படித்தவன். வகுப்பில் வாய் ஓயாத பயல். இப்போது முப்பத்தேழு வயது. த்ரீவீல் ஓட்டுகிறான். கல்யாணமாகி ரொம்ப நாளைக்குப் பிறகு, அப்போதுதான் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது.

சிவா உள்ளே கால் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தான். செருப்பு கடித்த சின்னப் புண். சின்னது என்று நினைத்து விட்டுவிட்டான்... சீனி வருத்தக்காரனுக்குச் சின்னப் புண் என்று ஒன்று உண்டா?

காத்திருக்கிறவர்களுக்கு நாலு நல்ல விஷயம் சொல்வோம் என்று ஓர் இளம் பெண் டாக்டர் முன்னால் வந்து நின்றார். பேச்சு சிங்களத்தில். பார்வதியக்காவுக்குப் பாதிதான் விளங்கியது. "டீச்சர், பால் பாலுன்னு என்னமோ சொல்லுதே அந்தப் புள்ள, என்னா அது?" என்று என் கையைச் சுரண்டினார்.

நான் மொழிபெயர்த்தேன். "தாய்ப்பால் குடிச்சு வளர்ற பிள்ளைகளுக்கு, பெரிய ஆளான பிறகு இந்தச் சீனி வருத்தமும், உடம்பு போடுறதும் கொஞ்சம் குறைவா இருக்கலாமாம்."

'இருக்கலாம்' என்றுதான் நான் சொன்னேன். டாக்டரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் முப்பத்தேழு வருடமாக ஒன்றை நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிற ஒரு தாயின் காதில் அந்தச் சொல் விழுமா?

அப்போதுதான் அவர் எழுந்து நின்று அந்தக் கேள்வியைக் கேட்டார்.

திரும்பி வரும்போது மூவரும் ஒரே பஸ். சிவா காலை நீட்ட முன் சீட்டில் உட்கார்ந்தான். பார்வதியக்கா என் பக்கத்தில். பேராதனைப் பாலம் தாண்டியதும் பேசத் தொடங்கினார். அதற்குப் பிறகு நிறுத்தவில்லை.

சிவா பிறந்த வருடம், அவருடைய வீட்டுக்காரர் கொழுந்து லொறியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். வீட்டில் சம்பாதிக்கிற கை பார்வதியக்காவுடையது மட்டும். அந்தக் கையில் பிள்ளை. தோட்டத்துச் சம்பளம் மருந்துக்கே போதவில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்சிக்காரன் ஒருவன், தோட்டத்து வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் ஏறி இறங்கினான். கைக்குழந்தை இருப்பதைச் சொல்லாதே என்றான். சொல்லவில்லை. பிள்ளைக்கு நாலு மாதம்கூட ஆகாத நிலையில் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டு, அரபு நாடொன்றுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார்.

"அங்க போயும் பால் நிக்கல டீச்சர். வேல செய்யிற சட்டையெல்லாம் நனைஞ்சிரும். அந்த வீட்டம்மா பாத்துட்டா திருப்பி அனுப்பிருவாளோன்னு, துணிய வச்சு நெஞ்ச இறுக்கிக் கட்டிக்குவேன். வலி தாங்காட்டி பாத்ரூமுக்குப் போயி, பீச்சி, தண்ணியத் தொறந்து வுட்டுருவேன்."

பஸ் வளைவில் திரும்பியது. நான் ஜன்னலைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

"அந்த வீட்டுலயும் ஒரு கைக்குழந்த இருந்துச்சு. அது அழுதா எனக்குப் பால் ஓடும்... யாரு புள்ள அழுதுன்னு இந்த உடம்புக்குத் தெரியுமா டீச்சர்?"

இங்கே சிவா போத்தல் பாலில் வளர்ந்தான். சித்தி நல்லவள்தான். ஆனால் அவளுக்கும் காலையில் கொழுந்து எடுக்க மலைக்குப் போக வேண்டும். பால்மா சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று தண்ணீரைக் கூட்டினாள். ருசி குறைந்தால் பிள்ளை துப்புவான் என்று சீனியைக் கூட்டினாள். இரண்டாவது வருடம் ஒரு போட்டோ அனுப்பினார்களாம். கன்னம் இரண்டும் உப்பி, தொடை மடிந்து... "மவன் கொழுகொழுன்னு இருக்கான்னு அந்தப் போட்டோவ வச்சிக்கிட்டு எவ்வளவு சந்தோசப்பட்டேன்! அது சீனின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் திரும்பி வந்தபோது பிள்ளை சித்தியை 'அம்மா' என்றான். அவரைப் பார்த்து ஓடி ஒளிந்தான்.

நான் டீச்சர் அல்லவா? ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். சிவாவின் அப்பாவுக்கும் பிற்காலத்தில் சீனி இருந்ததே? காலையிலிருந்து மாலைவரை த்ரீவீலுக்குள் உட்கார்ந்தே இருக்கிறானே? பசித்தால் ரோல்ஸ், தாகமெடுத்தால் சோடா, நேரம் போகாவிட்டால் மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணீர்... இதெல்லாம் கணக்கில் வராதா?

முன் சீட்டிலிருந்து சிவா திரும்பினான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"அம்மா, நான் குடிச்ச சோடாவுக்கு நீ எப்படிப் பொறுப்பு?" என்று சிரித்தான்.

பார்வதியக்கா சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் நான் அந்த டாக்டரைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். பாவம், பதறிப்போனார். வெளியே வந்து, பார்வதியக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, உங்க பிழை இல்ல. பரம்பரை இருக்கு, சாப்பாடு இருக்கு, நிறைய இருக்கு. ஒரு ஆளைக் காட்டி, இதனாலதான் வந்தது என்று யாருக்கும் சொல்ல ஏலாது" என்றார்.

பார்வதியக்கா முழுதும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "தாய்ப்பால் குடுத்திருந்தா வந்திருக்காதுன்னு சொல்ல முடியுமான்னு கேளுங்க டீச்சர்" என்றார்.

கேட்டேன். "அதையும் சொல்ல ஏலாது."

"அப்ப என் பிழை இல்லன்னும் சொல்ல முடியாது தானே?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன்.

புண் ஆறவில்லை. விரலில் தொடங்கியது பாதத்துக்கு ஏறியது. கறுத்தது. வாட்டில் சேர்த்து, மருந்து ஏற்றி, பார்த்துப் பார்த்து... கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் போய்ப் பார்த்தபோது பார்வதியக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். போர்வை ஒரு பக்கம் சட்டென்று தட்டையாகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நிர்மலா — சிவாவின் மனைவி — காலையிலிருந்து மாமி ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள்.

"நீ பட்டினி கெடந்தா கால் மொளச்சிருமா?" என்று சிவா கத்தினான். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்வதியக்கா வெளியே போய்விட்டார்.

அவர் போனதும் சிவா குரலைத் தணித்துச் சொன்னான். "டீச்சர், அம்மா அன்னைக்கிப் போகாம இருந்திருந்தா, அப்பாவுக்கு மருந்தும் இல்ல, எனக்கு அந்தப் போத்தல் பாலும் இல்ல. நான் உசுரோடவே இருந்திருக்க மாட்டேன். இத எத்தன தரம் சொல்லிட்டேன்... கேக்கிறாங்க. தலைய ஆட்டுறாங்க. அவ்வளவுதான்."

மகன் மன்னித்துவிட்டான். மன்னிக்க ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட்டான். ஆனாலும் தாய் தன்னை விடுதலை செய்யவில்லை. இதற்கு எந்தக் கோர்ட்டில் அப்பீல் செய்வது?

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு காலோடு த்ரீவீல் ஓட்ட முடியாது. வண்டி கைமாறிப் போனது. வீட்டில் இப்போது சம்பாதிக்கிற கை எதுவும் இல்லை. நிர்மலாவுக்குக் கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை கிடைத்தது. உடனே வர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் எடுப்போம் என்றார்கள்.

குழந்தைக்கு நாலு மாதம்கூட ஆகவில்லை.

பார்வதியக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். குடையில்லாமல், தோளெல்லாம் நனைந்து.

"டீச்சர், எங்கயாவது ஒரு வீட்டு வேல பாத்துக் குடுங்க. நான் போறேன். நிர்மலா வீட்டுல இருக்கட்டும். அந்தப் புள்ளைக்காவது..."

அறுபதைத் தாண்டிய, பிரஷர் மாத்திரை போடுகிற, முழங்கால் மடங்காத ஒரு பெண்ணுக்கு வேலை கொடுக்க யார் வருவார்கள்? ஆனாலும் அந்த முகத்திடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? பேராதனையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கெஞ்சிச் சேர்த்துவிட்டேன். சமைக்க வேண்டும், வீடு துடைக்க வேண்டும். பாரமில்லாத வேலைதான் என்றார்கள்.

ஒரு கிழமைகூட நிற்கவில்லை. குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்தவர் எழும்பும்போது தலை சுற்றி விழுந்துவிட்டார். வீட்டுக்காரர்கள் பயந்துபோய் எனக்குப் போன் செய்தார்கள். நல்ல மனிதர்கள். ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்க் காட்டினார்கள். "இனி அனுப்ப வேண்டாம் டீச்சர், ஏதாவது ஆகிவிட்டால்..." என்றார்கள். என்ன தவறு அதில்?

வீட்டுக்குக் கூட்டிப் போகும்போது பார்வதியக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அப்ப போக வேணாம்னு நெனச்சேன், போக வேண்டி வந்துச்சு. இப்ப போகணும்னு நெனைக்கிறேன்... ஒடம்பு வுட மாட்டேங்குது."

நிர்மலா வேலைக்குப் போனாள்.

பால் கொடுக்கும் தாய்க்கு இடையில் நேரம் தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது என்றேன் நான். "கேட்டேன்னா, நாளையிலருந்து வராதம்பாங்க டீச்சர்" என்றாள் அவள். அப்படியே நேரம் கொடுத்தாலும், கண்டியிலிருந்து கலஹாவுக்கு வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போக முடியுமா? பாலைப் பீச்சி வைத்துவிட்டுப் போகச் சொன்னார் மிட்வைஃப். காலையும் மாலையும் விடாமல் கொடுக்கச் சொன்னார். நிர்மலாவும் செய்கிறாள். விடிவதற்கு முன் எழும்பி, பீச்சி வைத்துவிட்டு ஓடுகிறாள். முதலில் அரைப் போத்தல் வந்தது. பிறகு அதிலும் பாதி. நாள் முழுக்கக் கடையில் நின்றபடி, மத்தியானம் ஒரு பணிஸ் தின்று வருகிற உடம்பு எவ்வளவுதான் சுரக்கும்?

போன ஞாயிற்றுக்கிழமை. பெருநாள் சீசன் என்று அன்றைக்கும் கடை திறந்திருந்ததாம். நான் போனபோது நிர்மலா இல்லை. சிவா வாசல் கட்டிலில் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழும்பப் பார்த்தான். பழைய பழக்கம்... வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. தாய் வைத்துவிட்டுப் போன பால் தீர்ந்துவிட்டது. பார்வதியக்கா தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, பால்மா டின்னின் கரண்டியால் அளந்து கலக்கினார். ஒவ்வொரு கரண்டியையும் கத்தியால் வழித்து மட்டமாக்கினார். சீனி டப்பாவை அந்த அறையிலேயே வைப்பதில்லையாம். சிவா சொன்னான்.

குழந்தை வாயைத் திறக்க மறுத்தது. முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியது. பார்வதியக்கா விடாமல், "குடி தாயி... குடிச்சிரு தாயி... அம்மா பொழுதுபட வந்துருவா" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். கடைசியில் பசிதான் ஜெயித்தது. குழந்தை குடிக்கத் தொடங்கியது.

"குடிக்கிறா டீச்சர்" என்றார் என்னைப் பார்த்து.

நிம்மதியாகச் சொன்னாரா, ஒப்பாரியாகச் சொன்னாரா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இந்தப் பிள்ளை வளர்ந்து எப்படி இருப்பாள் என்றும் தெரியாது. போத்தல் பாலில் வளர்ந்து நோய்நொடி இல்லாமல் இருக்கிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். இவளும் அப்படி இருக்கலாம். அதைத்தான் பார்வதியக்காவிடமும் சொன்னேன்.

தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

தாய்ப்பாலின் அருமையைத் தாய்க்குச் சொல்லிக் கொடுக்க நம்மில் ஆயிரம் பேர் இருக்கிறோம் — அந்தத் தாயை ஓர் ஆறு மாதம் வீட்டில் இருக்க விடத்தான் ஒருவரும் இல்லை.