முப்பத்தொன்றாம் கேள்வி

பிரிட்ஜ்வாட்டரில் சாந்தாமணி வீட்டு பேஸ்மென்ட்டில் சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு மணி அடித்தால், அடுத்த ஒரு மணி நேரத்துக்குப் பிள்ளைகள் இருமக்கூட யோசிப்பார்கள். பதினொரு மடக்கு மேஜை, பதினொரு நாற்காலி, ஒவ்வொன்றிலும் ஒட்டிய எண். தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக எல்லாம் மணிக்கு முன்னால்தான்.

அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கத் தெரியாது. தெரியும் என்று சொல்லிக்கொண்டதும் இல்லை. உடுமலைப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் ஆறு வருஷம் கிளார்க்காக இருந்தவள். பொதுத்தேர்வு வந்தால் ஹால் போடுவதும், நம்பர் ஒட்டுவதும், கேள்வித்தாள் கட்டுப் பிரிப்பதும் அவள் வேலை. கணவன் திருமூர்த்தியோடு அமெரிக்கா வந்தபின், வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் ஐந்து வருஷம் சும்மா இருந்து பார்த்தாள். சும்மா இருப்பது அவளுக்குச் சேரவில்லை.

மகன் மகிழன் எட்டாம் வகுப்பு வந்தபோது, மாவட்டத்துச் சிறப்புப் பள்ளியான கவுன்ட்டி அகாடமியின் நுழைவுத் தேர்வைப் பற்றித்தான் ஊரில் பேச்சு. ஓர் ஊருக்கு நாலைந்து இடம்தான். எல்லாப் பிள்ளைகளும் டியூஷன் போனார்கள். ஒருவர்கூட ஹாலில் உட்கார்ந்து பழகவில்லை. மகிழன் வீட்டில் சோபாவில் சாய்ந்துகொண்டு எல்லாக் கணக்கும் போடுவான். எத்தனை மார்க் வரும் என்று கேட்டால் தோளைக் குலுக்குவான். அந்தக் குலுக்கல்தான் அவளை உறுத்தியது. தன் அளவு தனக்குத் தெரியாமல் தேர்வுக்குப் போகிறவன் எங்கே தடுக்கி விழுவான் என்று யாருக்குத் தெரியும்? 2006 செப்டம்பரில் மாதம் ஒரு மாதிரித் தேர்வு என்று ஆரம்பித்தாள். நாலைந்து பயிற்சிப் புத்தகங்களிலிருந்து எழுபத்தைந்து கேள்வி பொறுக்கி, சரியான விடைகளின் பட்டியலையும் தானே டைப் அடித்தாள்.

முதல் மூன்று தேர்வில் பிள்ளைகள் நாற்பது, ஐம்பது என்று வாங்கினார்கள். டிசம்பர் தேர்வில் பத்துப் பேர் எழுபதுக்கு மேல். மகிழன் எழுபத்து மூன்று. சாந்தாமணிக்கு அன்று மத்தியானம் சோறு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது.

சாயங்காலம் ஹபீஸா போன் செய்தாள். திருமூர்த்தியின் ஆபீஸ் நண்பர் நெய்னா முகம்மதுவின் மனைவி. அவர்கள் மகள் இஸ்ரத்துக்கு ஐம்பத்தாறு. கடைசி இடம்.

"அக்கா, இவ இனி வரலைங்கறா. வீட்டுக்கு வந்ததுலேர்ந்து ரூமை விட்டு வெளிய வரல. நெஜ டெஸ்ட்டுக்கும் போகலியாம்."

"ஒரு டெஸ்ட்டுக்கா?"

"எல்லாரும் செவன்டி, இவ மட்டும் ஃபிஃப்டி சிக்ஸ்னா? அவளுக்கு மூளையே இல்லன்னு அவளே முடிவு பண்ணிட்டா. நீங்க பேப்பரை இன்னொரு தடவை பாருங்கக்கா. கூட்டல்ல ஏதும் விட்டிருக்கலாம்."

சாந்தாமணி இஸ்ரத்தின் தாளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முப்பத்தொன்றாம் கேள்வி ஒரு முக்கோணக் கணக்கு. அந்தப் பெண் ஓரத்தில் அழகாகப் போட்டுப் பார்த்து 'சி' என்று குறித்திருந்தாள். விடைப் பட்டியலில் 'பி'. புத்தகத்தைப் புரட்டினாள். 'சி'தான் சரி. டைப் அடிக்கும்போது நேர்ந்த தப்பு, தன்னுடையது.

சரி, எல்லாருக்கும் திருத்தலாம் என்று மற்ற தாள்களை எடுத்தாள். பத்துப் பேரும் 'பி'. ஒருவன்கூடக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அவள் செய்த தப்பை அப்படியே செய்திருந்தார்கள். அந்த விடைப் பட்டியல் இருந்ததோ வீட்டு கம்ப்யூட்டரில் மட்டும்தான்.

தாள்களை மேஜையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். திருமூர்த்தி டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, கொஸ்டின் பேப்பரை யாருக்குக் குடுத்தீங்க?"

அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குடுக்கறதென்ன... இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்னு நெய்னாவுக்கு ஒரு மெயில் போட்டேன். அவன் நாலு பேருக்கு ஃபார்வர்ட் பண்ணிருப்பான். நம்ம ஊர்ல குடுக்கறதில்லையா?"

"ஆன்சரோடவா?"

"அட்டாச்மென்ட்ல ரெண்டும் இருந்துச்சு. எக்ஸாம் வெக்கறவ பையனே கம்மியா வாங்கினா நல்லாவா இருக்கும்?"

"காய்ச்சல்காரன் வாய்ல இருக்கற தெர்மாமீட்டரைப் புடுங்கி ஐஸ் தண்ணியில வெச்சிருக்கீங்க. இன்னும் அஞ்சு வாரம்தான் இருக்கு. இவனுக்கு எது வரும், எது வராதுன்னு எனக்கு இப்ப எப்படித் தெரியும்?"

மாடிப்படியில் நின்ற மகிழன் மெல்லச் சொன்னான்: "அப்பா ஸெட் இட் வாஸ் ஜஸ்ட் ப்ராக்டிஸ்."

அவள் ஹபீஸாவைத் திரும்ப அழைத்தாள். மெயில் அங்கும் வந்திருக்கிறது. "அவர் பிரின்ட் எடுக்கச் சொன்னாரு. நான்தான் டெலீட் பண்ணேன். அதை இவகிட்ட சொல்லக்கூட இல்லக்கா."

"இப்பச் சொல்லு. அவதான் ஃபர்ஸ்ட்டுன்னும் சொல்லு."

அடுத்த சனிக்கிழமை பெற்றோர் எல்லாரும் பிள்ளைகளோடு வர வேண்டும் என்றாள். இட்லியும் காப்பியும் இருக்கும் என்று நினைத்து வந்தார்கள். சாந்தாமணி அப்பாக்களை மேஜையில் உட்கார வைத்து ஆளுக்கொரு பென்சில் கொடுத்தாள். முந்தைய நாள்தான் தயாரித்த புதுக் கேள்வித்தாள்; வீட்டு கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை, கையெழுத்துப் பிரதியை நூலகத்தில் நகலெடுத்திருந்தாள். பிள்ளைகள் மேற்பார்வை.

"தமாஷா இது?" என்றார் நெய்னா முகம்மது.

"இல்லீங்க. எழுபத்தஞ்சு கேள்வி, ஒரு மணி நேரம்."

மணி அடித்தது. நாற்பதாவது நிமிஷத்தில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு பிரிவுக்கான நேரம் முடியுமுன்னே நெய்னா அடுத்த பிரிவின் பக்கத்தைத் திருப்ப, சாந்தாமணியின் ஒன்பது வயது மகள் வெண்பா அருகில் வந்து நின்றாள். "அங்கிள், டோன்ட் டர்ன் தி பேஜ்." அவர் திருப்பிய பக்கத்தை மறுபடி மூடினார்.

திருமூர்த்தி நாற்பத்து நாலு. நெய்னா முப்பத்தொன்பது, கடைசி இரண்டு பக்கத்துக்கு அவர் வரவே இல்லை. சாந்தாமணி மார்க்கை வாசிக்காமல் தாளை அவரவர் கையில் கொடுத்தாள். மெயில் விஷயத்தையும் அங்கேயே சொன்னாள், யார் பெயரையும் சொல்லாமல். இரண்டு குடும்பம் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. அதற்காக அவள் போன் போட்டுக் கெஞ்சவும் இல்லை.

மறுவாரம் இன்னொரு புதுத் தாள், பிள்ளைகளுக்கு. இஸ்ரத் முதல் ஆளாக வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். மகிழனுக்கு ஐம்பத்தொன்று. கணக்கில் நாலுதான் தப்பு. ஆங்கிலப் பத்தி வாசித்து விடை எழுதுவதில் இருபது போயிருந்தது. இடம் தெரிந்துவிட்டது. மீதி இருந்த மூன்று வாரமும் அவன் கணக்கைத் தொடவில்லை. தினம் நாலு பத்தி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு.

ஜனவரியில் நிஜத் தேர்வு முடிந்து காரில் ஏறியதும் கேட்டாள். "எத்தனை வரும்?"

அவன் தோளைக் குலுக்கவில்லை. விரல் விட்டு எண்ணினான். "சிக்ஸ்டி டூ. ஃபைவ் நான் கெஸ் பண்ணேன், அதுல ஒன் ஆர் டூ வரலாம்."

மார்ச்சில் கடிதம் வந்தது. அறுபத்து மூன்று. காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவது. இஸ்ரத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. ஹபீஸா தேங்காய்ப்பால் இனிப்பான வட்டலப்பம் செய்து கொண்டுவந்தாள். மகிழன் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, அழாமல், மாடிக்குப் போய்ப் படித்தான். அதைப் பார்த்தபோதே சாந்தாமணிக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

மே மாதக் கடைசியில், அவள் மடக்கு மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அகாடமியிலிருந்து போன். ஓர் இடம் காலி. மகிழன் வருகிறானா?

வருகிறான் என்று சொல்லி வைத்தாள். திருமூர்த்தி கம்ப்யூட்டரைத் திறந்தான். "தமிழ் குரூப்புக்கு ஒரு மெயில் போட்டுரட்டுமா?"

"நீங்க மெயில் பக்கமே போக வேண்டாம்," என்றாள். "கீழ வந்து மேஜையைப் பிடிங்க. செப்டம்பர் பேட்ச்ல பதினாறு பேர், நாற்காலி பத்தாது."