சமாதானத்துக்கு வெட்டிய கேக்

பல்லுக்குத்தும் குச்சியில் ஒட்டிய ஒரு கடதாசிக் கொடி என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. மேலும் கீழும் நீலம், நடுவில் வெள்ளை. குச்சியின் நுனியில் காய்ந்துபோன ஐசிங். எல் சல்வடோர்க்காரர் ஒருவர் தந்தது. நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ரொறன்ரோவில் ஒரு ஹோட்டலின் நிலக்கீழ்ச் சமையலறையில் இருவரும் கோப்பை கழுவினோம். ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை வெயிற்றர்மாரின் சப்பாத்தைப் பார்த்துத்தான் அறிவோம்.

செப்ரெம்பர் பதினைந்து அவர்களுடைய சுதந்திர தினம். அன்றைக்கு அண்டாவைக் கவிழ்த்து, பள்ளிக்கூட ஊர்வலத்தில் அடித்த மேளத்தை அகப்பையால் அடித்துக் காட்டுவார். ஐந்து நாடுகளுக்கு ஒரே நாளில் சுதந்திரமாம். பிள்ளைகள் தீப்பந்தத்தைக் கைமாற்றிக் கைமாற்றி நாடு நாடாக ஓடுவார்களாம். எங்கள் அரைகுறை ஆங்கிலத்தில் அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்: "ஸ்பெயின்காரனிட்டையிருந்து தப்பினதுக்கு லீவு இருக்கு, தம்பி. எங்கட ஆமிக்காரனிட்டையிருந்து தப்பினதுக்கு ஒரு நாளும் இல்லை." இருவருடைய அகதிக் கேஸ்களும் கிடப்பில் இருந்தன. திரும்பிப் போகவும் முடியாது, வீட்டாரைக் கூப்பிடவும் முடியாது.

1992 தை மாதம் அவருடைய நாட்டில் பன்னிரண்டு வருடச் சண்டை முடிந்து ஒப்பந்தம் கையெழுத்தானது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இடைவேளையில் ஓடிப்போய்க் கேக் வாங்கிவந்து, நடுவில் அந்தக் கொடியைச் செய்து குத்தினேன். எல்லோரும் கைதட்ட, "அண்ணை, இனி இதுதான் உங்கட பெருநாள்" என்று கத்தியைக் கொடுத்தேன். அவர் வெட்டினார். எல்லோருக்கும் கொடுத்தார். தான் ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை. கோப்பை கழுவும் தொட்டியடிக்குத் திரும்பிய பிறகு மெல்லச் சொன்னார்: "என்ர கேஸை இன்னும் கூப்பிடேல்லை. இனி உனக்கு என்ன பயம் எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

விசாரணையில் அதைத்தான் கேட்டார்கள். அவரைத் தேடித் திரிந்த ஆமிக்காரன் இப்போது யூனிபோர்ம் இல்லாமல் அதே தெருவில் இருக்கிறான் என்று சொன்னது எடுபடவில்லை. கேஸ் தள்ளுபடியாகி, கோடையில் நாடு திரும்பப் புறப்படும்போது கொடியை என் கையில் வைத்தார். "உன்ர நாட்டுக்கும் சமாதானம் வரட்டும், தம்பி. ஆனா உன்ர கேஸ் முடிஞ்ச பிறகு வரட்டும்." இப்படியும் ஒரு வாழ்த்தா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

1995 தையில், நாங்கள் தங்கியிருந்த சென் ஜேம்ஸ் ரவுண் அறைக்குள் என் மச்சான் ரேடியோவும் கையுமாகத் துள்ளினான். "சண்டை நிண்டிட்டுதடா! மாமி இனி நிம்மதியாப் படுப்பா!" ஒருமுறை நிராகரிக்கப்பட்ட என் கேஸ் இரண்டாம் விசாரணைக்குக் காத்திருந்தது. "ஓம்" என்றேன். அம்மா யாழ்ப்பாணத்தில் குண்டுக்கும் செல்லடிக்கும் நடுவில் இருந்தா. நானோ, இந்தச் சமாதானம் கொஞ்சம் பிந்தி வந்திருக்கக்கூடாதா என்று கடவுளைக் கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன்.

சித்திரையில் சண்டை மறுபடி தொடங்கியது. கோடையில் என் கேஸ் சரிவந்தது. ஐப்பசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அம்மா வீட்டைப் பூட்டி, சாவியைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, சனத்தோடு சனமாக நடந்தா.

இப்போது மில்லிக்கன் வீட்டில் அம்மா என்னோடுதான் இருக்கிறா. எல்லா அறைக்கும் ஜன்னல் உண்டு. போன செப்ரெம்பரில் நான் லாச்சியைத் திறந்தபோது பின்னால் வந்து நின்றா.

"உதென்னடா கொடி?"

"கேக்கிலை குத்தினது, அம்மா."

"என்ன கொண்டாட்டத்துக்கு?"

நான் லாச்சியை மூடினேன்.